பின்னறைக்கு வைபை வரவில்லை: றிப்பீற்றரா, வயரா, மெஷ்ஷா, அன்ரெனாவா?

பின்னறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது, சூம் வகுப்பில் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று கடையில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் முதலில் கையில் தருவது பிளக்கில் குத்துகிற றிப்பீற்றரைத்தான். விலை குறைவு, வயர் இழுக்கத் தேவையில்லை, ஐந்து நிமிட வேலை. அது உதவுகிற வீடுகளும் இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் பலர் 4ஜி றவுட்டரில்தான் இன்ரநெற் பாவிக்கிறார்கள். அங்கே பழுது வைபையில் இல்லாமல், டவரில் இருந்து றவுட்டருக்கு வருகிற சிக்னலிலேயே இருக்கலாம். மெலிந்து வருவதை றிப்பீற்றரால் பரப்பினால் அந்த மெலிவுதான் வீடு முழுக்கப் போகும். அதனால் எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், எந்தப் பாதி பழுது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

றவுட்டரில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளி நின்று போனில் ஸ்பீட் ரெஸ்ற் போடுங்கள். அதே போனோடு பின்னறைக்குப் போய் இன்னொரு தடவை போடுங்கள். இரண்டையும் காலை ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை செய்து குறித்து வையுங்கள். றவுட்டருக்குப் பக்கத்தில் நல்ல வேகம், பின்னறையில் இல்லை என்றால் பழுது வீட்டுக்குள். பக்கத்திலேயே வேகம் இல்லை என்றால் பழுது வெளியே. காலையில் நன்றாக ஓடி இரவில் மட்டும் படுத்தால், அந்த டவரில் இரவு நேரம் ஆட்கள் கூடி நெரிகிறது. அதற்கு றிப்பீற்றரும் மெஷ்ஷும் மருந்தல்ல. வேறு கொம்பனி சிம், அல்லது பைபர் (கண்ணாடி இழை) இணைப்புத்தான் வழி.

லப்டொப் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பின்னறையில் இருந்தபடி கட்டளைச் சாளரத்தில் (Command Prompt) றவுட்டரின் முகவரிக்கு ஒரு பிங் ஓடவிடுங்கள், அதாவது ping என்றும் முகவரியும் எழுதி, பதில் வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 192.168.1.1, 192.168.8.1, 192.168.0.1 இவற்றில் ஒன்றாக இருக்கும், றவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். பதில் 1 முதல் 5 மில்லிசெக்கனுக்குள் சீராக வந்தால் வைபை நலம். 80, 300 என்று துள்ளினாலோ இடையிடையே பதிலே வராமல் போனாலோ வைபை பழுது. பிறகு 8.8.8.8 என்ற, வெளியே உள்ள கூகுளின் முகவரிக்கும் அதே பிங்கை ஓடவிடுங்கள். றவுட்டர் வரை சீராக வந்து இதில் மட்டும் தடுமாறினால் வெளிப்பக்கம்தான்.

போனில் வைபை அனலைசர் போன்ற ஒரு அப் போட்டால் சிக்னலின் பலம் டிபிஎம் எண்ணாகத் தெரியும். அது கழித்தல் எண், பூச்சியத்துக்குக் கிட்ட வரவரப் பலம் கூட. -50 என்றால் மிக நன்று. -67 வரை வீடியோ அழைப்பு தடங்கல் இல்லாமல் போகும். -75 தாண்டினால் தடங்கல் தொடங்கும், -80க்குக் கீழே கொனெக்சன் இருப்பதுபோலக் காட்டும், வேலை நடக்காது.

காசு செலவில்லாத மாற்றங்கள்

வைபை அலைக்குப் பெரிய எதிரி உலோகமும் தண்ணீரும். றவுட்டரை இரும்பு அலுமாரிக்கு மேலே, ரீவிக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், நிலைக்கண்ணாடிக்குப் பின்புறம் வைத்தால் அந்தத் திசையில் ஒன்றும் போகாது. நிலைக்கண்ணாடியின் பின்னால் பூசியிருப்பதும் உலோகம்தான். மீன்தொட்டியும் அதே கதை.

சுவர்களைப் பொறுத்தவரை வீட்டின் வயதைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடிக்கு வரும். வைபை இரண்டு அலைவரிசைகளில் ஓடும். அந்த இரண்டு சுவர் தாண்டினால் 5 கிகாஹேட்ஸ் அலை கிட்டத்தட்டச் செத்துவிடும், 2.4 கிகாஹேட்ஸ் மெலிந்தாவது போய்ச் சேரும். புதிய சீமெந்துக் கல் சுவர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மாடி வீட்டின் கொங்கிறீற் தட்டில் கம்பி வலை இருக்கிறது. கீழே இருந்து மேலே போவது பக்கத்து அறைக்குப் போவதைவிடக் கடினம். தகரம் அடித்த சாய்ப்பு, நிறத்தகடு போட்ட கூரை இரண்டும் முழு மறைப்பு. ஓடும் கிடுகும் மழையில் நனையாத வரை பிரச்சினை இல்லை.

நாற்சார் வீடு என்றால் நடு முற்றம் உங்களுக்கு வரம். முற்றத்தைப் பார்த்த விறாந்தையில், ஆள் உயரத்தில் றவுட்டரை வைத்தால் அலை திறந்த வெளியைத் தாண்டி எதிர்ப்பக்க அறைக் கதவால் நுழையும். சுவரைத் துளைக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

குச்சி அன்ரெனா நிமிர்ந்து நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், அதன் நுனித் திசையில் மிகக் குறைவு. ஒரே தளத்து வீட்டில் எல்லாக் குச்சியையும் நிமிர்த்தி வையுங்கள். மேல்மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

ஒழுங்கையில் வீடுகள் நெருங்கிய இடங்களில், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் மாணவர் தங்கும் வீடுகள் உள்ள தெருக்களில், 2.4 கிகாஹேட்ஸ் நெரிசலாக இருக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் (அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள்) 1, 6, 11 மூன்றுதான். அப்பில் பார்த்து ஆட்கள் குறைந்ததை எடுங்கள். சனல் அகலத்தை 20 மெகாஹேட்ஸில் நிறுத்துங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று நினைப்பார்கள். நெரிசலில் அது அயலவரின் மோதலையும் சேர்த்து வாங்கும்.

4ஜி றவுட்டரின் இழுபறி

இனி வருவதுதான் எங்கள் ஊருக்கு முக்கியமான விசயம். 4ஜி றவுட்டருக்கு இரண்டு வேலை. டவரின் சிக்னலைப் பிடிக்க அதற்கு உயரமான, டவரைப் பார்த்த யன்னல் வேண்டும். வீட்டுக்கு வைபை கொடுக்க அது நடுவில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடமாக அமைவது அரிது. பலர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது வைத்துவிட்டு, இரண்டிலும் அரைகுறையாக வாழ்கிறார்கள்.

றவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் (உலாவியில் றவுட்டரின் முகவரியை அடித்தால் வரும்) ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது டவர் சிக்னலின் பலம்: -90க்கு மேலே நன்று, -100 சமாளிக்கலாம், -110 தாண்டினால் அழுகைதான். இரண்டாவது சத்தத்துக்கு மேலே சிக்னல் எவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது என்பது: 20க்கு மேல் சிறப்பு, 10க்கு மேல் நன்று, பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் வேகம் வராது. இரண்டில் எஸ்ஐஎன்ஆரைத்தான் கூடக் கவனிக்க வேண்டும். முன்பக்கம் நாலு கோடு காட்டியும் வேகம் இல்லாத வீடுகளில் இந்த எண் படுத்திருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே ஹோலில் ரீவி மேசையில் றவுட்டர்: ஆர்எஸ்ஆர்பி -108, எஸ்ஐஎன்ஆர் 2. அதைக் கையில் தூக்கிக்கொண்டு, நீண்ட வயரில் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு நிமிடம் வைத்துப் பார்க்கிறோம். மேல்மாடிக் கிழக்கு யன்னலில் -95, 13. இந்த வீட்டுக்கு மருந்து அந்த யன்னல்தான். ஆனால் அங்கே வைத்தால் கீழே குசினிக்கும் பின்னறைக்கும் வைபை போகாது. ஆகவே றவுட்டர் மேலே யன்னலிலேயே இருக்கட்டும், அதில் இருந்து ஒரு வயர் கீழே நடு ஹோலுக்கு வந்து இரண்டாவது பெட்டியில் முடியட்டும். டவருக்கு ஒரு பெட்டி, வீட்டுக்கு ஒரு பெட்டி. கீழே உள்ள ஒப்பீட்டை வாசிக்கும்போது இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பரப்ப நான்கு வழி

றிப்பீற்றர். வைபையை வைபையாலேயே வாங்கி மறுபடி அனுப்புகிறது. ஒரே அலைவரிசையில் கேட்பதும் பேசுவதும் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய தவறு வைக்கிற இடம். சிக்னல் இல்லாத பின்னறையில் குத்தினால் அதற்கும் கேட்காது. றவுட்டருக்கும் பின்னறைக்கும் நடுவில், அப்பில் -60 அளவு காட்டுகிற இடத்தில் குத்த வேண்டும். கேற்றடிக் கமெரா ஒன்று, வட்சப் பாவிக்கும் ஒரு போன் என்றால் இது போதும், கூடச் செலவழிக்கத் தேவையில்லை. பிள்ளை ஒன்லைன் வகுப்பில் இருக்கும் அறைக்கு இதை நம்ப வேண்டாம்.

மெஷ். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் வேலை செய்யும், நடந்து போகையில் போன் தானாக மாறும். பாவிக்க இலகு. ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் வைபையில்தான். ஒன்றரை அடிக் கல்லுச் சுவர் போனை மறித்ததுபோல மெஷ் பெட்டியையும் மறிக்கும். விலை கூடிய பொருள் என்பதற்காகச் சுவர் வழி விடாது. சீமெந்துக் கல்லில் கட்டிய, அறைகள் நிறைந்த புது வீட்டுக்கு மெஷ் நன்று. வாங்கினால் பெட்டிகளை வயராலும் இணைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பவர்லைன். வீட்டுக் கரண்ட் வயரையே தரவுக்குப் பாவிக்கும் இரண்டு பெட்டிகள். மூன்று பேஸ் கொனெக்சன் உள்ள வீட்டில் முன்னறை ஒரு பேஸிலும் பின்னறை வேறு பேஸிலும் இருந்தால் பெரும்பாலும் சரிவராது. எக்ஸ்ரென்சன் போர்டில் குத்தக்கூடாது, சுவர்ப் பிளக்கில் நேராகக் குத்த வேண்டும். கிணற்று மோட்டர் ஓடும்போது வேகம் விழலாம். திருப்பிக் கொடுக்கலாம் என்று கடை ஒத்துக்கொண்டால் மட்டும் முயன்று பாருங்கள்.

வயரும் இரண்டாவது பெட்டியும். எங்கள் தெரிவு இதுதான், தயக்கமில்லை. கேட்5இ என்ற நெற்வேர்க் வயர் 100 மீற்றர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். சுவரும் அயலவரின் வைபையும் அதற்கு ஒரு பொருட்டல்ல. இரண்டாவது பெட்டிக்குப் புதிது வாங்கவும் தேவையில்லை, மூலையில் கிடக்கும் பழைய றவுட்டர் போதும். அதைத் தயார்செய்வது இப்படி: முதலில் றீசெற் செய்யுங்கள். அதன் உள்வீட்டு முகவரியை, பிரதான றவுட்டர் 192.168.1.1 என்றால், 192.168.1.2 என்று மாற்றுங்கள். முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்துங்கள். வைபைக்குப் பிரதானத்தின் அதே பெயர், அதே கடவுச்சொல், ஆனால் வேறு சனல் கொடுங்கள், அங்கே 1 என்றால் இங்கே 11. கடைசியாக வயரை லான் துளையில் குத்துங்கள், நிறம் மாறிய வான் துளையில் வேண்டாம். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டிக்கு முகவரி கொடுக்கும், வீட்டில் பாதிப் போன்களுக்கு இன்ரநெற் வரும், பாதிக்கு வராது. இந்தப் பழுதுக்கு எத்தனையோ பேர் கொம்பனியைக் குறை சொல்லி அலைந்திருக்கிறார்கள்.

வயர் இழுப்பதில் கவனம் வேண்டிய இடங்கள் சில. வெளியால் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை வயர் வாங்குங்கள், சாதாரண சாம்பல் வயரின் உறை வெயிலில் வெடித்துவிடும். கம்பியின் மேற்பூச்சைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, முறியும், வேண்டாம். அணில் கடிக்கும் தாழ்வாரம் என்றால் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். 230 வோல்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஓரடி இடைவெளி விடுங்கள், குறுக்கே தாண்ட வேண்டுமென்றால் செங்கோணமாகத் தாண்டுங்கள். சுவருக்குள் நுழையும் இடத்தில் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி நுழையுங்கள், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

வயரின் நுனியில் ஆர்ஜே45 என்ற பிளக்கை அடிப்பது பயப்பட வேண்டிய வேலையல்ல. உறையை ஓரங்குலம் உரித்து, எட்டு இழையையும் நேராக்கி, கொளுக்கி கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வரிசை: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். அரை அங்குலத்துக்கு ஒரே மட்டமாக வெட்டித் தள்ளினால் எட்டு நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், வெளி உறையும் பிளக்குக்குள் வர வேண்டும். பிறகுதான் நெரிக்க வேண்டும். இணைத்த பிறகு வேகம் 1000க்குப் பதிலாக 100 என்று காட்டினால் 4, 5, 7, 8ஆம் இழைகளில் ஒன்று படவில்லை என்று பொருள். 100க்கு 1, 2, 3, 6 மட்டும் போதும், அதனால்தான் ஓரளவுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். வெட்டி மறுபடி அடியுங்கள்.

இந்த வழியில் உள்ள ஒரே குறை: முன்பெட்டியின் மெலிந்த சிக்னலைச் சில போன்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முன்பெட்டியின் அனுப்பு பலத்தை நடுத்தரமாகக் குறைத்தால் போன் தானாகப் பின்பெட்டிக்கு மாறும்.

வளவின் மறுமுனையில் உள்ள கடைக்கோ தனி வீட்டுக்கோ கொண்டுபோவதென்றால் கதை வேறு. கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு வயர் இழுத்தால் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் இரண்டு பக்கப் பெட்டியும் போகலாம். இரண்டு வெளிப்புற 5 கிகாஹேட்ஸ் பெட்டிகளை நேருக்கு நேர் பார்க்க வைப்பது நல்லது. இடையில் மா, பலா, வேம்பு இலை இல்லாத பாதை வேண்டும். பனை என்றால் வட்டுக்குக் கீழே, மரங்களுக்கு இடையால் பார்வை கிடைத்தால் போதும்.

வெளிப்பக்கப் பழுதுக்கு: இடம், சிம், அன்ரெனா, பைபர்

இடம் மாற்றுவதை மேலே சொல்லிவிட்டோம், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அடுத்தது சிம். டயலொக், எஸ்எல்ரி-மொபிற்றல், ஹட்ச் மூன்றின் சிம்மையும் போனில் போட்டு, அந்த யன்னலிலேயே இரவு 8 மணிக்குச் சோதியுங்கள். ஆனால் போன் 1800 மெகாஹேட்ஸில், அதாவது பி3 என்ற பாண்டில் (அலைவரிசையில்), நன்றாக ஓடுவதாலேயே வீட்டு றவுட்டரும் ஓடும் என்று முடிவெடுக்க வேண்டாம். வீட்டுப் பக்கேஜ் பி40, 2300 மெகாஹேட்ஸ், அல்லது பி38, 2600 மெகாஹேட்ஸ் என்றால் அலை சுவரில் கூடுதலாகத் தேயும். எந்த பாண்ட் என்று நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். கொம்பனி தந்த றவுட்டர்கள் பல வேறு சிம்மை ஏற்காது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளி அன்ரெனா வாங்க முன்னர் றவுட்டரின் பின்புறம் பாருங்கள். அன்ரெனா வயர் குத்துகிற எஸ்எம்ஏ அல்லது ரிஎஸ்9 துளை இரண்டு இருக்க வேண்டும், துளையே இல்லாத றவுட்டருக்கு அன்ரெனா வாங்கிப் பயனில்லை. 4ஜி இரண்டு பாதையில் பேசும், ஆகவே இரண்டு வயர் உள்ள அன்ரெனாதான் சரி. அடுத்து வயரின் நீளம். ஆர்ஜி58 போன்ற மெல்லிய வயரில் 2.4 கிகாஹேட்ஸ் அளவில் மீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் போகும். 10 மீற்றர் இழுத்தால் 10 டெசிபெல், பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அன்ரெனா கூட்டித் தந்ததை வயர் தின்றுவிடும். தடித்த எல்எம்ஆர்400 மீற்றருக்கு 0.22தான், ஆனால் விலை கூட, வளைக்கவும் கடினம். அதனால் எங்கள் புத்திமதி: அன்ரெனா வயரை மூன்று மீற்றருக்குள் வையுங்கள், றவுட்டரை மேல்மாடிக்கு ஏற்றுங்கள், மிச்சத் தூரத்தைக் கேட்5இ கடக்கட்டும்.

திசை பிடிக்கும்போது ஒரு தடவையில் 15 பாகை திருப்பி, இரண்டு நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைக் குறியுங்கள். ஆர்எஸ்ஆர்பி கூடிய திசையும் எஸ்ஐஎன்ஆர் கூடிய திசையும் வேறாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள். கம்பத்தை இரண்டு இடத்தில் இறுக்குங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் தொடங்கினால் ஒற்றைக் கிளிப்பில் நிற்கும் அன்ரெனா கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும், வேகம் குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் தேடுவீர்கள். பருத்தித்துறை, காரைநகர், தீவுப் பகுதிகளில் உப்புக்காற்று மூட்டுகளை அரிக்கும், இழுத்துச் சுற்றும் றப்பர் ரேப்பால் ஒவ்வொரு மூட்டையும் மூடுங்கள். போனுக்கான சிக்னல் பூஸ்டர்களைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் பொருத்த வேண்டாம். சட்டப்படி பிழை, ஊர் முழுவதன் சிக்னலையும் அது குழப்பும்.

உங்கள் ஒழுங்கைக்கு பைபர் வந்துவிட்டால் மேலே சொன்ன சிம், அன்ரெனா எல்லாம் தேவையற்றுப் போகும். ஆனால் பூட்ட வருபவர் வழமையாக வயர் நுழைகிற முன்னறை மூலையிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போவார். நடு ஹோல் வரை கொண்டுவரச் சொல்லி வேலை தொடங்க முன்னரே கேளுங்கள், பிறகு மாற்றுவது சிரமம். கண்ணாடி இழையைக் கூரையாணியில் மடக்க வேண்டாம், விரல் மூன்று அகலத்துக்குக் குறைந்த வளைவு ஆபத்து. லொஸ் என்ற லைற் சிவப்பாக எரிந்தால் இழையில் பழுது, வீட்டில் எதைத் திருகியும் பயனில்லை, முறைப்பாடு பதியுங்கள்.

கரண்ட் நின்றதும் இன்ரநெற்றும் நிற்கிறது என்றால் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். அடப்டரில் எழுதியுள்ள வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், அம்பியர் அதற்குச் சமமாக அல்லது கூட இருக்கலாம். குத்துகிற முனை 5.5க்கு 2.1 மில்லிமீற்றரா, 2.5ஆ என்று அளந்து வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மாறினால் முனை ஆடும், றவுட்டர் காரணமில்லாமல் நின்று நின்று எழும்பும். வயரால் இரண்டாவது பெட்டி வைத்த வீட்டில் அதற்கும் ஒன்று வேண்டும்.